நாலு பேர் பார்க்கும்போது ட்ரோன் விடுவது: கூச்சமும் கை நடுக்கமும் குறைய

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் ஐந்து மணிக்கு ட்ரோனைப் பையிலிருந்து எடுத்தால், அதன் கைகளை விரிப்பதற்குள் நாலு பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். கச்சான் விற்பவர் வண்டியை நிறுத்திப் பார்ப்பார். "என்ன மனே, இது எவ்வளவு போகும்?" என்று ஒருவர் விலை கேட்பார். வீட்டு முற்றத்தில் ஆணி அடித்தாற்போல் நின்ற ட்ரோன் இங்கே தடுமாறும். ஓட்டுகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கத் தொடங்குவதுதான் காரணம்: ஒரு கண் ட்ரோனில், ஒரு காது ஆட்களின் பேச்சில். கூச்சத்தை அடக்கிக்கொண்டு இரண்டையும் செய்யப் பார்ப்பவருக்குத்தான் பெரும்பாலும் விபத்து நேர்கிறது. ஆட்களுக்கான வேலையைப் பறப்புக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வருவதை இன்னொருவரிடம் விடுங்கள்.

கடதாசி கையில் இருக்கட்டும்

யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை ஓடிக்கொண்டிருந்தால் விரல் நிதானப்படாது. இலங்கையில் 200 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும். "250 கிராமுக்குக் குறைந்தால் பதிவு வேண்டாம்" என்று யூடியூப்பில் கேட்டது வேறு நாட்டுச் சட்டம். 249 கிராம் மினி ட்ரோனும் இங்கே பதிவுக்குள் வரும். பதிவு மட்டும் போதாது, பறப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். இடமும் திகதியும் குறித்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைத்தீவில் இருக்கிறது, நகரத்துக்கு மிகக் கிட்ட. அம்பாறைப் பக்கம் உகனையில் விமானப்படைத் தளம். ட்ரோன் செயலியின் வரைபடத்தில் பறக்கத் தடை காட்டும் சிவப்பு வட்டம் காணவில்லை என்பதற்காக அங்கே பறக்கலாம் என்று ஆகாது. முகாம், பொலிஸ் நிலையம், சிறைச்சாலை பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

பதிவுச் சான்றிதழ், அனுமதிக் கடிதம், அடையாள அட்டை மூன்றின் பிரதிகளையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வையுங்கள். யார், எதற்கு, எந்த நேரம் எடுக்கிறோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதி மேலே வைத்தால், வந்து கேட்கும் அதிகாரி எந்த மொழிக்காரர் என்ற பதற்றமும் இல்லை. முதல் நாளே கிராம சேவகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கோயிலடி என்றால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும், பள்ளிவாசலடி என்றால் நம்பிக்கையாளர் சபையிடமும் சொல்ல வேண்டும். "வண்ணக்கரிட்ட சொல்லியிருக்கம்" என்ற ஒரு வசனம் கூட்டத்தின் முகத்தை மாற்றிவிடும்.

பார்க்கிறவர்கள் ஏன் பார்க்கிறார்கள்

இதை விளங்கிக்கொண்டால் கூச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். பிள்ளைகளுக்கு அது புதினம், அவ்வளவுதான். பெரியவர்களின் பார்வை வேறு. போர்க்காலத்தில் வானத்தில் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதே வாரம் நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் இந்த ஊர் பட்ட பாடு எல்லார் மனதிலும் இருக்கிறது. ஆகவே ஒரு முதியவர் முகம் சுளித்தால் உங்களை ஏளனம் செய்கிறார் என்று எடுக்காதீர்கள். அவருக்கு உங்களைப் பற்றிய எண்ணமே இருக்காது, அந்தச் சத்தத்தைப் பற்றிய எண்ணம்தான் இருக்கும்.

பெண்களுக்கு இன்னொரு நியாயமான பயம். இங்கே பல வீடுகளில் குளிப்பது திறந்த கிணற்றடியில். வளவுக்கு மேலே ட்ரோன் ஒரு நிமிடம் நின்றாலும் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் வருவது சரி. வீட்டுக் கூரைகளுக்கு மேல் பறக்காத ஒரு பாதையை முன்பே தெரிவு செய்யுங்கள். குற்ற உணர்வு இல்லாத பாதையில் பறக்கும்போது கை தானாக உறுதியாகிறது.

ஆட்கள் இல்லாத இடத்தில் ஐந்து பற்றரி

கூட்டத்துக்கு முன் போவதற்கு முன்னால், குறைந்தது ஐந்து முழுப் பற்றரி அளவு தனிமையில் பழகுங்கள். அறுவடை முடிந்த வயல் இதற்கு நல்ல இடம். மின்கம்பி ஓடும் பக்கத்தையும், யானை நடமாடும் காட்டோர வயலையும் தவிருங்கள். ட்ரோனின் இரைச்சல் யானைக்குத் தேனீக் கூட்டம் போலக் கேட்கும், மிரண்டு ஓடும்.

முதல் பற்றரியில் 3 மீற்றர் உயரத்தில் நிறுத்திவிட்டு ரிமோட்டின் ஸ்டிக்குகளிலிருந்து இரண்டு விரல்களையும் எடுத்துவிடுங்கள். ஜிபிஎஸ் பிடித்திருக்கும் ட்ரோன் அங்கேயே நிற்கும். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். கையை எடுத்தால் விழாது என்பதை மூளை நம்புவதற்கு முன், விரல் நம்ப வேண்டும். பதறுகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை, ஸ்டிக்கை இன்னும் இறுக்கி ஒரு பக்கம் தள்ளுவது. விட்டுவிட்டால் போதும்.

இரண்டாவது, மூன்றாவது பற்றரிகளில் 10 மீற்றர் சதுரம் போடுங்கள், முதலில் ட்ரோனின் மூக்கு உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி, பிறகு உங்களைப் பார்த்தபடி. மூக்கு உங்களைப் பார்க்கும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். ஆட்களுக்கு முன் தடுமாறுவது அநேகமாக இந்த இடத்தில்தான். நாலாவதில் எட்டு வடிவம். ஐந்தாவதில் ஒரு சிநேகிதரைப் பக்கத்தில் நிறுத்தி வேண்டுமென்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எவ்வளவு, எவ்வளவு தூரம் போகும், எனக்கு ஒருக்காத் தாங்க. நீங்கள் பதில் சொல்லக் கூடாது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "இறக்கிட்டுச் சொல்றன்" என்று மட்டும் சொல்லப் பழகுங்கள். இந்த ஒரு வசனம் வாயில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து வெளியே வாருங்கள். காலை ஆறு முதல் ஏழரை வரை கடற்கரையில் மீனவர்களும் நடக்க வருபவர்களும் மட்டும்தான். வெயிலில் போன் சூடேறித் திரை மங்கும் தொல்லையும் அந்த நேரத்தில் இல்லை. ஆனால் சூரியன் கடலிலிருந்து எழும் என்பதால், கிழக்கே பார்த்தால் ட்ரோன் கண்ணுக்குத் தெரியாது. வடக்கே அல்லது தெற்கே, கரையோரமாக அனுப்புங்கள். ஞாயிறு பின்னேரக் கூட்டத்தை நாலைந்து காலைகளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உதவிக்கு ஒருவர்

இதைவிடப் பெரிய மருந்து இல்லை. உதவியாளர் ட்ரோனைப் பற்றி எதுவும் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, நல்லாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மீற்றர் முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி அவர் நிற்பார். கோப்பு அவர் கையில். "ஓம் அண்ணே, அனுமதி இருக்கு. கடலையும் கரையையும்தான் எடுக்கம், வீடுகள் பக்கம் போகாது. அஞ்சு நிமிசத்தில இறக்கிருவம், இறக்கினதும் காட்டுறம்." இவ்வளவுதான் அவருடைய பாடம். காத்தான்குடியிலோ கல்முனையிலோ அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஊரில் காக்கா என்றே கூப்பிடட்டும். ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை ஒன்றை நீங்கள் போட்டுக்கொள்வதும் உதவும். வேலை செய்பவர் என்று தெரிந்தால் மக்கள் சற்று விலகி நிற்பார்கள்.

பொலிஸாரோ படையினரோ வந்தால் பறந்தபடி விளக்கம் சொல்லாதீர்கள். "ஐயா, இறக்கிட்டு வாறன்" என்று சொல்லி இறக்குங்கள், மோட்டரை நிறுத்துங்கள், பிறகு கடதாசியைக் கொடுத்து எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். போகச் சொன்னால் போய்விடுங்கள்.

எழுப்பும் முன்

ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற அவசரம் முதலில் கெடுப்பது இந்த இரண்டு நிமிடத்தைத்தான். ட்ரோனின் கைகளை விரித்து, இறக்கைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக் கீறல் பாருங்கள். கமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் மூடியைக் கழற்றுங்கள். ட்ரோனை வைத்து எழுப்பும் விரிப்பைப் போடுங்கள், 75 சென்ரிமீற்றர் மடிப்பு விரிப்பு நல்லது. கல்லடி மணலில் நேரே வைத்து எழுப்பினால் மணல் மோட்டருக்குள் போகும். போனை தொந்தரவு செய்யாத நிலையில் வையுங்கள், நடுவில் வரும் அழைப்பு திரையை மறைக்கும். எந்த இடத்திலும் எந்த நாளும் இதே ஒழுங்கில் செய்யுங்கள், கைக்குப் பழகிய வேலை மனதை அமர்த்தும்.

பிறகு ஹோம் பொயின்ட், அதாவது ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம், பதிவானதாகச் செயலி சொல்லும் வரை நில்லுங்கள். காத்திருக்காமல் எழுப்பினால், ஜிபிஎஸ் எங்கே பிடிக்கிறதோ அந்த இடத்தை ட்ரோன் தன் வீடாக எடுத்துக்கொள்ளும். அது வாவிக்கு மேலாக இருந்தால், பதற்றத்தில் நீங்கள் ரிட்டர்ன் டு ஹோம் பொத்தானை அமுக்கும்போது அது ஒழுங்காகப் போய் வாவியில் இறங்கும். திரும்பும் உயரத்தையும் அப்போதே சரிபாருங்கள். தென்னை 25 மீற்றருக்கு மேல் வளரும், பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீற்றர். 40 மீற்றர் அளவில் வைத்தால் இவற்றுக்கு மேலே வரும், தொலைபேசிக் கோபுரம் அருகில் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். அனுமதியில் குறித்த உயரத்தைத் தாண்டக் கூடாது.

1924இன் பழைய கல்லடி இரும்புப் பாலத்தில் வைத்து எழுப்ப வேண்டாம். இரும்பு திசைகாட்டியைக் குழப்பும், எழும்பிய ட்ரோன் நிற்காமல் வட்டமடித்து நழுவும். வாகனத்தின் பொனற்றும் அப்படியே.

கடைசியாக, நாலு எண்ணி மூச்சை எடுத்து ஆறு எண்ணி விடுங்கள், மூன்று தடவை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, ஸ்டிக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பிடியுங்கள். பெருவிரல் மட்டும் வைத்தால் நடுக்கம் நேரே ட்ரோனுக்குப் போகும். சினி முறையில் போடுங்கள், ஸ்டிக்கின் அசைவுக்கு ட்ரோன் மெதுவாகவே பதில் சொல்லும். எழுந்ததும் 3 மீற்றரில் அரை நிமிடம் நிறுத்திச் சத்தமும் நிலையும் பாருங்கள். பிறகு தாமதிக்காமல் 30 மீற்றருக்கு ஏற்றுங்கள். அந்த உயரத்தில் இரைச்சல் குறையும், நிமிர்ந்து பார்த்தவர்களில் பலர் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள்.

மேலே போன பிறகு கெடுப்பவை

முதலாவது காற்று. தென்மேற்குப் பருவ மாதங்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையில், மரங்களின் மறைவில் நிற்கும் உங்களுக்கு அது தெரியாது, கடலும் கரையோரம் தட்டையாகக் கிடக்கும். ட்ரோன் கடலுக்குள் சுகமாகப் போகும், திரும்பும்போது எதிர்க்காற்றில் ஊர்ந்து ஊர்ந்து வரும். மினி வகை ட்ரோன்கள் பல தாங்குவது செக்கனுக்கு 10.7 மீற்றர் வேகக் காற்று, அதாவது மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீற்றர். கச்சான் நாளில் கடலுக்குள் 100 மீற்றருக்கு மேல் போகாதீர்கள், பற்றரி பாதியானதும் திருப்புங்கள். திரும்ப முடியாமல் திணறினால் உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்று மெது.

வாவிக்கு மேல் தாழ்வாகப் பறப்பது அடுத்தது. ட்ரோனின் அடியில் உள்ள சென்சர் தரையின் கோலத்தைப் பார்த்து நிலைகொள்வது. அலையும் மினுமினுப்பும் அதை ஏமாற்றும், ட்ரோன் தானாகக் கீழே இறங்கப் பார்க்கும். தண்ணீருக்கு மேல் 5 மீற்றருக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

மீன் இறக்கும் இடங்களில் செம்பருந்தும் காகமும் துரத்தும். பக்கவாட்டில் ஓடாதீர்கள், நேரே மேலே ஏற்றுங்கள். பறவைக்குச் செங்குத்தாக ஏறுவது கடினம்.

இறக்கும்போது

கூட்டம் நெருங்குவது இப்போதுதான். ட்ரோன் கீழே வர வர பிள்ளைகள் அதன் அடிக்கு ஓடுவார்கள். 10 மீற்றரில் நிறுத்திவிடுங்கள். உதவியாளர் விரிப்பைச் சுற்றி ஐந்து மீற்றருக்கு ஆட்களை விலக்கும் வரை அங்கேயே நிற்கட்டும். அதற்காகவே பற்றரி 30 சதவீதத்தில் திரும்ப வேண்டும், 15இல் திரும்பினால் காத்திருக்க நேரம் இருக்காது. இறங்கும் நேரம் யாராவது உள்ளே வந்தால் இடது ஸ்டிக்கை மேலே தள்ளுங்கள், திரும்ப ஏறும். மோட்டர் முழுதாக நின்ற பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்: பிள்ளைகளைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டுங்கள். அடுத்த முறை அதே கரைக்கு வரும்போது அந்தப் பிள்ளைகளே மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள்.

கல்யாண வீட்டில் நெருக்குவது அந்நியரல்ல, சொந்தக்காரர். "இன்னும் கொஞ்சம் மேல விடுங்க, பந்தலுக்குள்ள ஒருக்காக் கொண்டு வாங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் நாளே வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து, ஒரு பற்றரிக்கு மூன்று ஷொட், மொத்தம் இரண்டு பற்றரி, ஆட்களின் தலைக்கு மேல் இல்லை, பந்தலுக்குள் இல்லை என்று பேசி முடித்துவிடுங்கள். அன்று யார் கேட்டாலும், "பெரியவரிட்ட ஒருக்காக் கேளுங்க மாமா" என்று உதவியாளர் சொல்லட்டும்.