உணர்வுகளின் தத்துவத்தை ஆராயும் மாணவருக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் தத்துவத்தில் பிஎச்.டி. செய்யும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் (ஜே.என்.யூ.) டெல்லி பல்கலைக்கழகமும்தான் பெரும்பாலும் போக்கிடம். அவர்களில் உணர்வுகளை ஆராய்பவர்களுக்கு, நல்ல மனதோடு உதவ வரும் நாமே சில நேரம் தடையாகிவிடுகிறோம்.

முதல் தவறு, அதை மனநல ஆலோசனையாக நினைப்பது. "கோபத்தைப் பத்தியா படிக்கிற? அப்ப எங்க பையனுக்கு ரெண்டு வார்த்தை சொல்லேன்" என்று, ஜே.என்.யூ.வுக்குப் பக்கத்து முனீர்க்காவில் அந்தப் பிள்ளை தங்கியிருக்கும் அறைக்கே போன் வரும். கோபத்தை எப்படி அடக்குவது என்பது அந்தப் பிள்ளையின் கேள்வியே இல்லை. ஒரு கோபம் எப்போது நியாயமானது, அது உலகத்தைப் பற்றி நமக்கு எதையாவது சரியாகக் காட்டுகிறதா என்பதே கேள்வி.

இதைவிட மோசமானது, ஆய்வை ஆளோடு முடிச்சுப் போடுவது. அப்பாவை இழந்த பெண் துக்கத்தைப் பற்றி எழுதினால், "ஓ, அதனாலதானா?" என்று கேட்டுவிடுகிறோம். அந்த நொடியில் அவளுடைய வாதம் நம் காதில் விழாமல் போய்விடுகிறது. ஆறுதல் தேவைப்பட்டால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அவள் கட்டுரையைப் பற்றிப் பேசும்போது கட்டுரையை மட்டும் பேசுங்கள்.

அடுத்தது தமிழ்ப் பெருமை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உணர்ச்சி என்பது உடல் மாற்றங்களை உணர்வதுதான் என்று அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதினார். உடனே நம்மவர்கள், "தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று அன்றைக்கே சொல்லிவிட்டதே!" என்பார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி பேசுவது உள்ளத்து உணர்வு மற்றவர் காணும்படி உடலில் வெளிப்படுவதை. உணர்ச்சி என்றால் என்ன என்ற ஜேம்ஸின் கேள்வி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் மாணவரின் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். உண்மையான செல்வம் வேறு இடத்தில் இருக்கிறது. உறுப்பறை (உறுப்பை வெட்டுதல்), குடிகோள் (குடும்பத்தாருக்குத் தீங்கு செய்தல்), அலை (அடித்து வருத்துதல்), கொலை என்ற நான்கும் வெகுளி, அதாவது கோபம், பிறக்கும் இடங்கள் என்கிறது தொல்காப்பியம். நான்கும் கொடுமைகள். அரிஸ்டாட்டிலோ கோபத்தின் வேரை அவமதிப்பில் வைக்கிறார். அடிபட்டதால் வரும் கோபமும் மதிக்காததால் வரும் கோபமும் ஒன்றா? ஒரு முழு ஆய்வேட்டைத் தாங்கும் கேள்வி இது. பெருமை பேசும் நேரத்தில் தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியர்களான இளம்பூரணர், பேராசிரியர் (இதுவும் ஒருவரின் பெயர்தான்) ஆகியோரின் உரைகளை அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்தால் எவ்வளவோ நல்லது. டெல்லியில் அதற்குத் தமிழ் தெரிந்த துணை கிடைப்பது எளிதல்ல.

வழிகாட்டிகளுக்கும் ஒன்று. மூளை ஸ்கேன் ஆய்வுகளைச் சேர்த்தால்தான் மதிப்பு என்று தள்ளாதீர்கள். பயப்படும்போது மூளையில் நடப்பதைச் சொல்லும் ஆய்வு, அந்தப் பயம் தகுந்ததா என்று சொல்லிவிடாது.

அப்புறம், "எப்ப முடிப்ப?" பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகளே பிஎச்.டி.க்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் தருகின்றன. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய் என்பது 2023 முதல் உள்ள கணக்கு. அது கிடைக்காதவர்கள் நிறைய, கிடைத்தவருக்கும் பணம் தாமதமாகலாம். வாடகை கட்டினாயா என்று கேளுங்கள். ஓர் அத்தியாயத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இதை மறுக்கிறவர் என்ன சொல்வார்?" என்றும் கேளுங்கள். அதற்குத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.