சாரல் ஊரில் சிம்னி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கத்தில் பழைய சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள், சிம்னி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் வீட்டின் எந்தச் சுவர் மேற்கே பார்த்திருக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஆனி தொடங்கி ஆவணி வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று, இந்த வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தோடு மேற்குச் சுவரில் வந்து மோதுகிறது. புகைக்குழாயின் வாய் அந்தச் சுவரில் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சிம்னியாக இருந்தாலும் அது தள்ளும் புகையைக் காற்று வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும். எங்கள் வீட்டில் இந்தத் தவறு நடந்தது. சாரல் பிடித்த முதல் வாரத்திலேயே மிளகாய் வற்றல் தாளித்த நெடி கூடம் வரை கமறியது. குழாய் வழியாக மோட்டார் வரை தண்ணீரும் இறங்கியது. புதிதாகப் பூசிய சுவரை உடைத்துக் குழாயைக் கிழக்கே திருப்பினோம்.

ஆகவே குழாயின் வாயைக் கிழக்கிலோ தெற்கிலோ வைப்பது நல்லது. பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும் வரிசை வீடுகளில், குழாயை ஓட்டின் முகட்டுக்கு மேலே உயர்த்தி மழைத் தொப்பி மாட்டுவதே ஒரே வழி. மச்சுக்குள் குழாயை முடித்துவிடக் கூடாது. ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களில் எண்ணெய்ப் பசை படிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சுவர் வழியாகப் போகும் குழாய் வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். அதன் வாயில், மோட்டார் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் தகடு இருக்க வேண்டும். அந்த வாய் அடுத்த வீட்டாரின் சன்னலையோ முற்றத்தையோ பார்த்திருக்கக் கூடாது.

சிம்னியின் வாய் 6 அங்குலமாக இருக்கும்போது, சுவரில் ஏற்கெனவே துளை இருக்கிறது என்பதற்காக 4 அங்குலக் குழாயைப் பொருத்தினால், புகை போகும் பரப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடும்; சத்தம் கூடும், இழுவை குறையும். ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தின்னும் என்பதால், இரண்டு வளைவுகளுக்கு மேல் தேவைப்பட்டால் அடுப்பின் இடத்தையே மாற்ற முடியுமா என்று யோசிப்பது நல்லது. மடிப்புள்ள அலுமினியக் குழாயை முழுவதும் இழுத்து விரித்துப் பொருத்த வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு உட்புறம் வழவழப்பான தகரக் குழாயே ஏற்றது.

இனி இழுவை அளவு, அதாவது சிம்னி ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளும் காற்றின் அளவு. 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரமுள்ள சமையலறையின் கொள்ளளவு ஏறத்தாழ 22.6 கன மீட்டர். மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்று கணக்கிட்டால் 270 கன மீட்டர் போதும். ஆனால் அப்பளம் பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் வேகமாக எழும் ஆவியை அறையில் பரவுவதற்கு முன் பிடிக்க வேண்டியிருப்பதால் அதைவிட மிகுதியான இழுவை தேவைப்படுகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1200 கன மீட்டர் போன்ற எண் மோட்டாரின் உச்ச அளவு. குழாயும் வளைவும் தடுக்கும்போது அது குறையும். குழாய் குட்டையாகவும் நேராகவும் இருந்தால் 1000 தாராளம் என்பது என் கருத்து.

இரண்டு பர்னர் அடுப்புக்கு 60 சென்டிமீட்டர் அகலமும், மூன்று, நான்கு பர்னர் அடுப்புக்கு 75 அல்லது 90 சென்டிமீட்டர் அகலமும் வேண்டும். அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுவது வழக்கம். வீட்டிலுள்ள பெரிய இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, மூடியைத் திறந்து பார்த்து உயரத்தை முடிவுசெய்யுங்கள்.

முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த செங்கோட்டையில் தேங்காயெண்ணெய் இன்றும் பல அடுப்படிகளில் புழங்குகிறது. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். நெருக்கமான வலை வடிகட்டியில் படிந்த எண்ணெய் சாரல் காலத்துக் குளிரில் இறுகி, மசாலாப் பொடியோடு சேர்ந்து வலைக்கண்களை அடைக்கும். பட்டைகளால் ஆன பேஃபிள் வடிகட்டியைக் கழற்றி, வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்துக் கழுவுவது எளிது. சூடேற்றித் தானே சுத்தம் செய்யும் வகையிலும் எண்ணெய்த் தட்டைக் கையால்தான் கழுவ வேண்டும். குழாயே இல்லாத கரி வடிகட்டிச் சிம்னி நெடியை ஓரளவு குறைக்குமே தவிர, ஆவியையும் வெப்பத்தையும் அறைக்குள்ளேயே விடும். ஏற்கெனவே ஈரம் தங்கும் இந்த ஊர்ச் சமையலறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விறகு அடுப்புக்கு மேலே சிம்னியை மாட்டக் கூடாது. பொறி பறந்தால் எண்ணெய்ப் பசை பற்றிக்கொள்ளும். கேஸ் வாடை வந்தால் அதை வெளியேற்றுவதற்காகச் சிம்னியைப் போடவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும்; சுவிட்சின் ஒரு சிறு பொறியே விபத்தாகிவிடும்.

கிரானைட் பதிப்பதற்கு முன்பே கொத்தனாரும் எலக்ட்ரீசியனும் ஒன்றாக நின்று குழாயின் வழியைச் சுவரில் குறிக்க வேண்டும். பரணும் பீமும் குறுக்கே வருகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். எர்த் உள்ள பிளக் பாயின்ட் குழாய்க்குப் பின்னால் மறையாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

பொருத்தி முடித்ததும், காற்று பலமாக வீசும் ஒரு நாளில், மேற்குச் சன்னலை மூடி, கூடத்துக் கதவைச் சற்றே திறந்துவைத்து, ஊதுவத்தியை ஏற்றி அடுப்பின் நான்கு மூலைகளிலும் பிடித்துப் பாருங்கள். புகை வளையாமல் நேரே மேலே போனால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.