கோத்தகிரி ஏற்றத்தில் வழுக்கிய கிளட்ச்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது த்ராட்டிலைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, பைக் இழுக்கவில்லை. கிளட்ச் பிளேட் போச்சு என்றார் மெக்கானிக். ஆயில் மாற்றியபிறகுதானே ஆரம்பித்தது என்று காலி டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்: 5டபிள்யூ-30 (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்), எரிபொருள் சிக்கன வகை, கார் ஆயில்!

பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் இன்ஜின் ஆயிலிலேயே ஊறுகிறது. மைலேஜுக்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் உராய்வு குறைப்பான்கள் (மாலிப்டினம் மாதிரி) பிஸ்டனுக்கு நல்லதுதான், பிளேட்டையோ வழுக்க விட்டுவிடும். முழுக்க வடித்து, ஃபில்டரும் மாற்றி, மேனுவலில் உள்ளபடி 10டபிள்யூ-30 சிந்தடிக், டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (ஆயிலில் ஊறும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறியீடு) இருக்கிறதா என்று பார்த்து ஊற்றினேன். முதலில் லேசாக வழுக்கியது, பிளேட்டில் ஊறியது போகவேண்டுமே. அப்புறம் சரியாகிவிட்டது. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குறைந்தால் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். ஜனவரி உறைபனியில் ஸ்டார்ட் செய்பவர்கள் அதையும் பாருங்கள்.