பாதி வேலையில் மனம் தளரும்போது

எடுத்த இலக்கு பாதியில் நிற்கும்போது, வேதாகமத்திலுள்ள நெகேமியா புத்தகத்தின் 3, 4, 6ஆம் அதிகாரங்களைக் கையில் ஒரு பென்சிலோடு வாசித்துப் பாருங்கள். நெகேமியாவின் தலைமையில் திரும்பக் கட்டப்பட்ட எருசலேமின் அலங்கம் (நகர மதில்) பாதி உயரம் எழும்பிய பிறகுதான், சுமைகாரரின் பெலன் குறைந்துவிட்டது, மண்மேடோ இன்னும் மிச்சமிருக்கிறது என்ற முறையீடு யூதா மனிதரிடமிருந்தே எழுகிறது. ஆகவே நடுவில் வரும் சோர்வை, கர்த்தர் கைவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழு மதிலையும் நினைத்து மலைக்காமல், ஆசாரியர்கள் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்ததுபோல, இன்றைக்குரிய பங்கை மட்டும் ஒரு தாளில் எழுதி, அதற்காக ஜெபித்துவிட்டுத் தொடங்குங்கள். எதிரிகளின் மிரட்டல் வந்தபோது நெகேமியா ஜெபித்தார். கூடவே இராப்பகலாகக் காவலும் வைத்தார். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

கவனத்தைத் திருப்பும் அழைப்புகளுக்கு ஒரே பதிலை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். ஓனோ பள்ளத்தாக்குக்கு வரும்படி அந்த எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் நான்கு முறை ஆள் அனுப்பினார்கள். பெரிய வேலையைச் செய்துகொண்டிருப்பதால் வர இயலாது என்று நான்கு முறையும் நெகேமியா ஒரே விதமாகவே மறுமொழி கொடுத்தார். அலங்கம் 52 நாட்களில் முடிந்தது.