கடலோரச் சேற்றுவெளியைச் செயற்கைக்கோள் படத்தில் அளப்பது எப்படி? சேமங்கும் கரையில் ஒரு பயிற்சி

ஓதம் ஏறினால் மூழ்கும், வற்றினால் வெளியே தெரியும் சேற்றுவெளியை அளக்கப் புறப்படுகிறவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று என்று இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்து “இவ்வளவு அழிந்துவிட்டது” என்று சொல்லக் கூடாது. ஒன்று நீர் வற்றிய நேரத்திலும் மற்றது ஏறிய நேரத்திலும் எடுத்ததாக இருந்தால், ஒரு பிடி சேறுகூட அழியாமலே பல சதுர கிலோமீட்டர் காணாமல் போனதுபோல் தெரியும். அதனால் நிறையப் படங்களை அடுக்கி, ஒவ்வோர் இடமும் எத்தனை முறை நீரில் இருந்தது என்று எண்ணப் போகிறோம்.

படி 1: இடம்

தென்கொரியாவின் மேற்குக் கரையில், குன்சானுக்கும் புவானுக்கும் இடையே இருக்கிறது சேமங்கும். இரண்டு ஆறுகள் கடலில் கலக்கும் இந்த முகத்துவாரத்தை மறித்து 33.9 கி.மீ. நீளத்துக்குக் கடல்சுவர் கட்டினார்கள். 1991இல் தொடங்கிய வேலையில், கடைசி இடைவெளி 2006 ஏப்ரலில் அடைபட்டது. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் பெரிய உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி இரை தேடிய சேறு அது. அந்த இழப்பு இன்னும் மனதை உறுத்துகிறது. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பது தெளிவாகத் தெரிவதால், நம் கணக்கு சரியா என்று சோதித்துக்கொள்ளவும் இது தோதான இடம்.

கூகுள் எர்த் டைம்லாப்ஸில் 1984 முதல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம், செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே வைத்துக் கணக்கிட உதவும் கூகுள் எர்த் என்ஜினில் பதிவு செய்துகொள்ளுங்கள். வணிக நோக்கம் இல்லையென்றால் இலவசம். அதில் இரண்டு எல்லைகள் வரையுங்கள்: சுவருக்கு உள்ளே ஒன்று, தெற்கே கோம்சோ விரிகுடாவில் ஒன்று. இரண்டாவதில் இப்படி ஒரு சுவர் இல்லை. அங்கேயும் பெரிய இழப்பு வந்தால் உங்கள் முறையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எல்லையைக் கரையின் நில அணைக்குக் கடல் பக்கமாகவே வரையுங்கள். சோம்பல்படாமல் பெரிதாக்கிப் பார்த்து, கையால் வரைவது நல்லது. அணைக்குப் பின்னால் இருப்பவை நெல்வயல்கள்; நடவுக் காலத்தில் நீர் கட்டினால் அவையும் நனைந்து காயும் நிலமாகக் கணக்கில் ஏறிவிடும். உப்பளமும் அப்படித்தான்.

படி 2: படங்கள்

1999–2001க்கு லேண்ட்சாட் 5 செயற்கைக்கோளின் படங்கள், 2017–2019க்கு லேண்ட்சாட் 8 படங்கள். ஒரு தடத்தில் 16 நாளுக்கு ஒரு படம். மேகம் போக மிஞ்சுவது குறைவு என்பதால்தான் மூன்று மூன்று ஆண்டுகளாக எடுக்கிறோம். மேகத்தையும் அதன் நிழலையும், அவை எங்கே இருக்கின்றன என்று குறித்துவைத்திருக்கும் தரப் பட்டையை (QA_PIXEL) வைத்து நீக்கிவிடுங்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று: எர்த் என்ஜினின் லேண்ட்சாட் தரைப் பிரதிபலிப்புத் தொகுப்பில் (Collection 2, Level 2) மதிப்புகள் முழு எண்களாக இருக்கும். அவற்றை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழித்த பிறகே அடுத்த வேலை. விகிதம்தானே என்று விட்டுவிட்டால், கழிக்காத அந்த 0.2 எல்லா விகிதத்தையும் கெடுத்துவிடும்.

படி 3: நீரா, நிலமா

ஒவ்வொரு படமும் ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பதிந்திருக்கும். பச்சைப் பட்டையிலிருந்து குறு அலை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். வரும் விகிதம்தான் நம் குறியீடு. லேண்ட்சாட் 5இல் அந்தப் பட்டைகளின் எண்கள் 2, 5. லேண்ட்சாட் 8இல் 3, 6. பூஜ்ஜியத்துக்கு மேல் வந்தால் நீர் என்று தொடங்கலாம். அண்மை அகச்சிவப்பை ஏன் எடுக்கவில்லை என்றால், மஞ்சள் கடல் கலங்கல் நீர். அந்தக் கலங்கல் அண்மை அகச்சிவப்பை ஓரளவு திருப்பி அனுப்பி, நீரையே நிலம்போல் காட்டிவிடும். ஆனால் நம் குறியீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு: மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் ஈரச்சேறு நீராகிவிடலாம். நாலைந்து படங்களைக் கண்ணால் பார்த்து வரம்பைச் சற்றே நகர்த்துங்கள்.

படி 4: எண்ணுதல்

ஒவ்வொரு படப்புள்ளிக்கும், நீராக வந்த படங்களை மேகமில்லாத மொத்தப் படங்களால் வகுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் என்றால் கடல், 10க்குக் கீழ் என்றால் நிலம், இடைப்பட்டது சேற்றுவெளி. ஒரு படப்புள்ளி 900 சதுர மீட்டர். பரப்பை அதிலிருந்து கூட்டிக்கொள்ளலாம். இரண்டு காலத்துக்கும் தனித்தனியாக இப்படிச் செய்யுங்கள்; முதல் காலத்தின் சேற்றுவெளியில் இரண்டாவதில் குறைந்ததுதான் இழப்பு.

படி 5: ஓதத்தைச் சரிபார்த்தல்

இதைச் செய்யாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன். லேண்ட்சாட் எப்போதும் உள்ளூர்ச் சூரிய நேரம் காலை 10 மணியை ஒட்டியே கடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதமும் ஓர் ஊரில் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் ஏறி இறங்கும். அதனால் சில ஊர்களில் நீரின் உச்சமோ அடிமட்டமோ படத்தில் விழவே விழாது.

ஒரு அட்டவணையில் ஒவ்வொரு படத்தின் தேதி, நேரம் எழுதுங்கள். படத்தோடு வருவது உலகப் பொது நேரம். 02:10 என்றிருந்தால் கொரியாவில் காலை 11:10. பக்கத்தில் குன்சான் நிலையத்தின் ஓத உயரத்தை எழுதுங்கள். கொரிய நீர்வரைவு, கடலியல் முகமையிடம் அந்தக் கணக்கு கிடைக்கும். இரண்டு காலத்துக்கும் மிகக் குறைந்த, மிக உயர்ந்த, நடு உயரங்கள் நெருங்கி வரவேண்டும். வரவில்லையா? ஒரு பக்கம் மட்டும் மிகத் தாழ்வாகவோ உயரமாகவோ இருக்கும் படங்களை நீக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

படி 6: வாசித்தல்

சுவருக்குள் 2017–2019லும் நடுத்தர சதவீதப் புள்ளிகள் கொஞ்சம் வரும். அவற்றைச் சேற்றுவெளி மீண்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதகு வழியாகக் கடல்நீர் வந்து போனாலும், உள்ளே நீர்மட்டத்தை மனிதர்கள்தான் கட்டுப்படுத்துகிறார்கள். மழைநீர் தேங்கினாலும் இதே சதவீதம் வரும். குறியீட்டுக்கு நீர் வந்த காரணம் தெரியாது. அந்தப் புள்ளிகளைத் தனி நிறத்தில் காட்டி, இழப்புக் கணக்கிலிருந்து கழிக்காமல் வையுங்கள்.

எர்த் என்ஜினிலேயே, மரே என்ற ஆய்வாளரின் குழுவினர் தயாரித்த உலகச் சேற்றுவெளி வரைபடம், 1984 முதல் 2016 வரை மூன்றாண்டுத் தொகுதிகளாக இருக்கிறது. 1999–2001 அதில் ஒரு தொகுதி. உங்கள் முதல் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். எங்கே பெரிதாக விலகுகிறதோ, அந்தப் புள்ளிக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் அடுத்த வேலை.