அழுத்தம் எங்கே விழ வேண்டும்? தமிழ் வாக்கியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வரி வாசகர் மனதில் நிற்க வேண்டுமென்றால் பகட்டான சொற்களைத் தேடிப் போட வேண்டும் என்று எழுத வருகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். 'மிக', 'பேரழகான', 'சொல்லொணாத' என்று அடைமொழிகள் குவிவது அதனால்தான். ஆனால் தமிழ் வாக்கியத்தில் பெரும்பாலான வேலை வேறு இரண்டு இடங்களில் நடக்கிறது. எந்தச் சொல் எங்கே நிற்கிறது, வினைச்சொல் எப்படி முடிகிறது. நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் கவனிக்காததால் வருபவை.

முதலில் இடம். 'அப்பா நேற்று மதுரையிலிருந்து வந்தார்.' இந்தச் சொற்களை நம் மொழி தாராளமாக இடம் மாற்ற விடுகிறது. ஆனால் மாற்றினால் அழுத்தமும் மாறும். வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சொல்லில்தான் பொதுவாக அழுத்தம் விழும். 'மதுரையிலிருந்து நேற்று அப்பா வந்தார்' என்றால் யார் வந்தார் என்பது முக்கியம். 'அப்பா மதுரையிலிருந்து நேற்று வந்தார்' என்றால் என்றைக்கு என்பது முக்கியம். 'நேற்று வந்தது அப்பா' என்று முடித்தால், வேறு யாரோ வந்ததாக ஒரு நினைப்பு இருந்தது, அது இப்போது திருத்தப்படுகிறது.

இதை மறந்துவிட்டு எழுதினால் கதையின் திருப்பமே வாக்கியத்தின் நடுவில் புதைந்து போகும். இந்த வரியைப் பாருங்கள்: 'திருட வந்தவன் தன் தம்பிதான் என்பதை அவள் கொல்லைப்புறத்து வேலியோரம் அந்தக் கும்மிருட்டிலும் டார்ச் வெளிச்சத்தில் கண்டு அதிர்ச்சியில் உறைந்து போனாள்.' தம்பி என்ற செய்தி ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அதன் பிறகு வேலி, இருட்டு, டார்ச் எல்லாம் வீண். கடைசியில் 'அதிர்ச்சி' என்று எழுத்தாளரே சொல்ல வேண்டியதாகிறது. இதையே இப்படி எழுதலாம்: 'கொல்லைப்புறத்தில் சத்தம் கேட்டது. வேலியோரம் டார்ச் அடித்துப் பார்த்தாள். நின்றது அவள் தம்பி.' அதிர்ச்சி என்ற சொல்லுக்கு இங்கே தேவையே இல்லை.

வினையை முன்னால் கொண்டுவருவதும் ஒரு நல்ல உத்திதான். கம்பனில் எல்லாரும் மேற்கோள் காட்டும் இடம், இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் ராமனிடம் சொல்வது: 'கண்டனென், கற்பினுக்கு அணியை, கண்களால்.' கேட்பவன் மனதில் இருப்பது ஒரே கேள்வி, பார்த்தாயா இல்லையா என்பது. அதனால் 'கண்டனென்' முதலில் வருகிறது. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது இரண்டாவது பகுதியை. சீதை என்ற பெயர் இந்த வரியில் இல்லை. 'கற்பினுக்கு அணி', அதாவது கற்புக்கே ஆபரணமானவள், என்ற தொடரே, ராமன் வாய்விட்டுக் கேட்க முடியாத இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறது. சொல்லின் இடம், சொல்லின் தேர்வு இரண்டும் ஒரே வரியில் வேலை செய்கின்றன.

ஆனால் இப்போது உரைநடையில் 'நடந்தான் அவன், மெல்ல. பார்த்தாள் அவள், ஜன்னல் வழியே. பெய்தது மழை' என்று பக்கம் முழுக்க வினை முன்னால் வருகிறது. நடந்தானா இல்லையா என்று இங்கே யாரும் தவித்துக்கொண்டிருக்கவில்லை. பிறகு எதற்கு வினை முதலில்? உண்மையிலேயே தேவைப்படும் ஓர் இடத்தில் இந்த உத்தியைப் பயன்படுத்தும்போது, வாசகர் ஏற்கெனவே பழகிப்போயிருப்பார். அது எடுபடாது.

அடுத்தது, பெயருக்கு முன்னால் அடைகளை அடுக்குவது. 'நேற்று இறந்த ஆசிரியரின் மனைவி' என்றால் இறந்தது யார், ஆசிரியரா மனைவியா? பேசும்போது குரல் காப்பாற்றிவிடும், எழுத்தில் குரல் கிடையாது. 'ஆசிரியர் நேற்று இறந்துவிட்டார். அவருடைய மனைவி...' என்று இரண்டாக உடைத்தால் தீர்ந்தது.

அதற்காக எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டே போவதும் தவறு. 'எழுந்தான். குளித்தான். கிளம்பினான்.' இப்படிச் சிறு வாக்கியங்களாக வெட்டி எழுதினால்தான் நவீன நடை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த வெட்டுக்கு ஒரு பொருள் உண்டு. மனிதர் இயந்திரம் போல இயங்குகிறார், அல்லது ஏதோ அவசரம். ஆனால் தமிழின் வினையெச்சம் ('எழுந்து', 'கழுவி' என்று முடியாமல் நிற்கும் வினை) தரும் நீளத்தையும் இழந்துவிடக் கூடாது. 'எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வந்து, செருப்பில் காலை நுழைத்த பிறகுதான், எங்கே போவது என்று யோசித்தான்.' வேலை போன மறுநாள் காலையை இந்த வாக்கியம் காட்டும். பழக்கம் அவனை வாசல்வரை இழுத்து வந்துவிட்டது, வாக்கியமும் வாசகரை அப்படியே இழுத்து வருகிறது. இதை ஐந்தாக வெட்டினால் அந்த இழுவை போய்விடும்.

இப்போது துணைவினைகள், அதாவது முக்கிய வினையோடு ஒட்டி வரும் 'விடு', 'போடு', 'வை' போன்றவை. தமிழ் எழுத்தாளர் கையில் இருக்கும் மிக நுட்பமான கருவி இதுதான் என்பது என் கருத்து. இதைத்தான் நாம் அதிகம் வீணடிக்கிறோம்.

'டம்ளரை உடைத்தான்' என்பது வெறும் செய்தி. 'உடைத்துவிட்டான்' என்றால் நடந்தது நடந்துவிட்டது, இனி ஒட்ட வைக்க முடியாது. 'உடைத்துப் போட்டான்' என்றால் அவனுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. 'உடைத்துத் தொலைத்தான்' என்றால் கோபம் அவனுக்கல்ல, சொல்கிறவருக்கு. அதே வினை தேங்காய்க்கு வந்து 'உடைத்து வைத்தான்' என்றானால், பிறகு யாருக்கோ தேவைப்படும் என்று முன்கூட்டியே செய்திருக்கிறான். ஒரே ஒரு துணைவினையில் மனநிலை, உறவு, பின்விளைவு எல்லாம் வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, 'அவன் அலட்சியமாக டம்ளரை உடைத்தான்' என்று ஏன் எழுத வேண்டும்?

இதிலேயே எதிர்த் தவறும் உண்டு. 'மழை வந்துவிட்டது. அவன் நனைந்துவிட்டான். பஸ் போய்விட்டது. கடையும் மூடிவிட்டது.' எல்லா வினையிலும் 'விடு' ஒட்டிக்கொண்டால் எதுவுமே முடிந்துபோனதாகத் தோன்றாது. இந்த நான்கில் எது கைமீறிப் போனதோ அதற்கு மட்டும் கொடுங்கள்: 'மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி ஓடினான். பஸ் போய்விட்டது.'

'தான்', 'ஏ', 'உம்' பற்றியும் இதையேதான் சொல்வேன். ஒரு வாக்கியத்தில் ஒரு 'தான்' இருந்தால் அழுத்தம், மூன்று இருந்தால் இரைச்சல்.

சொல் தேர்வில் எனக்கு அதிகம் உறுத்துவது, செய்தித்தாள் மொழி வீட்டுக்குள் நுழைவது. 'சாலை விபத்தில் இருவர் உயிரிழந்தனர்' என்பது செய்திக்குச் சரியான வாக்கியம். ஆனால் தன்னை வளர்த்த பாட்டியைப் பற்றிய கட்டுரையில் 'எனது பாட்டி உயிரிழந்தார்' என்று ஒருவர் எழுதும்போது, அழ வேண்டிய இடத்தில் அறிக்கை கேட்கிறது. ஊரில் போனில் சொல்வது 'பாட்டி தவறிட்டாங்க' என்றுதான். இரங்கல் அட்டையில் 'காலமானார்', வெறுப்போடு சொல்கிறவன் வாயில் 'செத்தான்', நெடுநாள் படுக்கையில் கிடந்தவருக்கு 'போய்ச் சேர்ந்தார்.' இவற்றில் எதுவும் மற்றொன்றுக்கு மாற்றுச் சொல் அல்ல. யார், யாரிடம், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பது முடிவான பிறகே சொல்லை எடுக்க வேண்டும்.

அலுவலக நடையும் இப்படித்தான் நுழைகிறது. 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது', 'முடிவு எடுக்கப்பட்டது.' யார் எடுத்தார்கள்? செயப்பாட்டு வினை ஆளை மறைக்கும். மறைப்பதுதான் நோக்கம் என்றால், உதாரணமாகக் கதையில் ஓர் அதிகாரி பேசுகிறார் என்றால், அதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. மற்ற இடங்களில் 'ஆய்வு செய்தார்கள்' போதும்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் உண்டு. முதலாவது தேவைக்கு மேல் சொல்வது, இரண்டாவது பொருளில்லாத சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. அடைமொழிக் குவியலில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

திரும்பச் சொல்வதற்கும் நம் இலக்கணத்தில் கணக்கு உண்டு. விரைவைக் காட்ட ஒரு சொல்லை அடுக்கினால் மூன்றுதான் எல்லை என்கிறது தொல்காப்பியம். 'தீ தீ தீ' என்று கத்துகிறவனை நம்பலாம். ஆறு முறை எழுதினால் வாசகர் எண்ணத் தொடங்கிவிடுவார்.

காலத்தைப் பற்றியும் தொல்காப்பியம் சொல்லும் ஒன்று இன்றைக்கும் அப்படியே செல்லும். நடக்காத ஒன்றை இறந்த காலத்தில் சொன்னால் விரைவு தோன்றும். இன்னும் வீட்டைவிட்டே கிளம்பாதவர் போனில் 'இதோ வந்துட்டேன்' என்கிறாரே, அதுதான். கதை சொல்பவர்கள் இதைத் திருப்பியும் போடுவார்கள்: 'கதவைத் திறந்தான். உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.' இறந்த காலத்தில் ஓடிய கதை அந்த ஒரு வரியில் நிகழ்காலத்துக்கு மாறுகிறது, நாமும் வாசலில் நிற்கிறோம். தவறு நடப்பது அடுத்த வரியில். 'அவன் விளக்கைப் போட்டான். அவர் திரும்புகிறார். அவன் பயந்தான். அவர் சிரிக்கிறார்' என்று காலம் முன்னும் பின்னுமாக ஆடினால், முதல் மாற்றமே கைப்பிழை போலத் தெரியும். நிகழ்காலத்துக்குப் போனால் அந்தக் காட்சி முடியும்வரை அங்கேயே இருங்கள், அல்லது அந்த ஒரு வரியோடு திரும்பிவிடுங்கள்: 'உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கைப் போட்டான். அவர் திரும்பவில்லை.'