கம்யூனில் பிறந்த பிள்ளைக்கு: 18 வயதுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

நான் கம்யூனில், அதாவது பலர் சேர்ந்து எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழும் இடத்தில், பிறந்து வளர்ந்தவள். பொதுச் சமையலறை, பொது வண்டி, வாராவாரம் கூட்டம். என் பெற்றோர் நல்ல வேலையை உதறிவிட்டு அங்கே வந்தவர்கள். ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக அவர்களிடம் பட்டமும் சொந்தபந்தமும் இருந்தன. அங்கேயே பிறந்த நமக்கு அந்தப் பின்வாசல் கிடையாது, நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கப்போகிறாயா, கிளம்பப்போகிறாயா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் விசாரி. சங்கடமான கேள்விதான், ஆனாலும் 15 வயதிலேயே கேட்டுவிடு. ஆரோவில்லில் நிலமும் கட்டடங்களும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அறக்கட்டளையின் சொத்து. அங்கே வீட்டில் குடியிருக்கலாம், விற்க முடியாது. அமெரிக்காவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் கம்யூனில் கூட்டுத் தொழில்களின் வருமானம் பொதுக் கணக்குக்குப் போகிறது. சாப்பாடு, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் அதிலிருந்துதான். இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளைக்குக் குறையொன்றும் இருக்காது, பெற்றோரிடமிருந்து வந்து சேரும் சொத்தும் இருக்காது.

பெற்றோருடைய முதுமைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கையோடு கேள். இஸ்ரேலில் உள்ள கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளைக் கிப்புட்ஸ் என்பார்கள். முதல் கிப்புட்ஸான டெகானியா 1910-இல் தொடங்கியது. 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு பல கிப்புட்ஸ்கள் எல்லாருக்கும் சமம் என்பதை விட்டு, வேலைக்கேற்ற சம்பள முறைக்கு மாறின. டெகானியாவும் 2007-இல் மாறியது. பல இடங்களில் முதியவர்களுக்கென்று சேர்த்துவைத்த ஓய்வூதியப் பணம் போதவில்லை. "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால், எந்தக் கணக்கிலிருந்து என்று அடுத்த கேள்வியைப் போடு. அதற்குக் கோபப்படுகிறவர் கணக்குப் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்.

அடுத்தது சான்றிதழ். தேர்வே வைக்காத பள்ளி அருமையானது, நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் கல்லூரி விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறதே! உன் நாட்டு அரசு ஏற்கும் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடியுமா, கடைசித் தேதி எப்போது, செய்முறைத் தேர்வுக்கு எங்கே இடம் தருவார்கள் என்று இரண்டு வருடம் முன்னாலேயே பார். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அலுவலக அலமாரியில் எல்லாருடைய காகிதங்களோடும் கிடக்கும். அசலை வாங்கி நீயே வைத்துக்கொள்.

நாம் சிறு வயதிலேயே பெரிய வேலைகளைச் செய்துவிடுகிறோம், அது நமக்குத் தெரிவதுமில்லை. "சமையலில் உதவினேன்" என்று எழுதாதே. எத்தனை பேருக்குச் சமைத்தாய், சாமான் பட்டியலை யார் போட்டது, எந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதினாய், எந்த மோட்டாரைக் கழற்றி மாட்டினாய் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வா. சண்டை போட்ட இரண்டு பேரை ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துத் தீர்மானம் எழுத வைத்திருந்தால் அதையும் எழுது. சம்பளம் வாங்கிக்கொண்டும் அதைச் செய்யத் தெரியாதவர்கள் நிறைய. பரிந்துரைக் கடிதத்தை மட்டும் உள்ளே இருப்பவரிடம் வாங்காதே. வளர்த்தவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள். கணக்குத் தணிக்கை செய்பவர், விளைபொருளை வாங்குகிற வியாபாரி போல வெளியாள் ஒருவரைப் பிடி.

பணத்தைப் புழங்கிப் பழகு. உன் பெயரில் வங்கிக் கணக்கு திற, சிறு தொகையாவது மாதாமாதம் அதில் விழட்டும். முடிந்தால் ஒரு விடுமுறையில் வெளியே அறை எடுத்து, வாடகையும் மின்கட்டணமும் நீயே கட்டி இருந்து பார். உப்புக்கும் துடைப்பத்துக்கும் காசு கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அதைவிட விசித்திரம், சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாத சாயங்காலம்.

துணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிப்புட்ஸ் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த பொது இல்லங்களில் சிறுவயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொண்டது மிக அரிது என்று ஆய்வாளர் ஜோசப் ஷெபர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எனக்கு அதில் வியப்பே இல்லை. கூட வளர்ந்த பையன்களெல்லாம் எனக்கு அண்ணன் தம்பிதான். பெரும்பாலும் உனக்கு வாய்க்கிற துணை வெளியிலிருந்து வருவார். வருமானத்தைப் பொதுவில் போட அவர் சம்மதிப்பாரா, அவரைச் சேர்த்துக்கொள்ளக் கம்யூன் சம்மதிக்குமா என்பது வேறு வேறு கேள்விகள்.

கடைசியாக, உன் நிலை என்ன என்பதை எழுத்தில் வாங்கு. அங்கே பிறந்ததாலேயே உறுப்பினராகிவிட்டோம் என்று நினைக்காதே. பெரியவர்களானதும் விண்ணப்பம், சோதனைக்காலம், வாக்கெடுப்பு என்று மற்றவர்களைப் போலவே வரச்சொல்லும் இடங்கள் உண்டு. விடுப்பில் போனால் எத்தனை வருடம் வரை இடம் காத்திருக்கும், அறையை வேறொருவருக்குக் கொடுப்பார்களா, வெளியே சம்பாதித்தது உன்னுடையதா பொதுவா, பெற்றோரைப் பார்க்க வந்தால் விருந்தாளிக் கட்டணம் உண்டா: இந்த நான்கையும் கடிதமாக எழுதிக் கூட்டத்தில் கொடு. பதில் கூட்டக் குறிப்பேட்டில் பதிவானதும் நகல் கேட்டு வாங்கிக்கொள்.